வியாழக்கிழமை ஜெபத்தில் ஐந்து பேர்

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்புள்ள உங்களுக்கு,

இந்த வீட்டை இதுவரை தாங்கிய ஆண்டவர் அந்த மலையிலும் உங்கள் பக்கத்தில் இருப்பாராக. இங்கே நானும் அத்தையும் நலம். உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை ஜீப்பில் இறங்கி வெள்ளிக்கிழமை என் கைக்கு வந்தது. போன் அடிக்காத ஊரில் கொண்டுபோய் உங்களை வைத்திருக்கிறார்களே என்று முதலில் அழுதேன். பிறகு, உங்கள் கையெழுத்தைப் பார்த்தே எத்தனை வருடம் ஆயிற்று என்று தோன்றியது. இன்னும் அதே கோழிக் கிறுக்கல்தான்.

அத்தைக்கு வலது கை இன்னும் எழவில்லை. வாய் மட்டும் என்னைத் திட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டது. நேற்று சோறு குழையவில்லை என்று கோணிய வாயால் இரண்டு தரம் சொன்னார். காலையில் நான் கிளினிக்குக்குப் போனபின் எதிர்வீட்டு டிரைவர் மனைவி வந்து அவரைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டுப் போகிறாள். அவளுடைய சின்னப் பெண்ணும் கூடவே வந்து அத்தையின் கட்டிலுக்கடியில் உட்கார்ந்து விளையாடும். மதியம் நான் ஓடிவந்து துடைத்து, உடை மாற்றி, ஊட்டிவிட்டு மறுபடி ஓடுகிறேன். இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. அது பெரிய விஷயமில்லை. சாயங்காலமானால் வாசலில் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரே, அதுதான் தாங்க முடியவில்லை.

யாரையும் சந்தேகப்படாதே என்று எழுதியிருக்கிறீர்கள். முயற்சி செய்தேன், முடியவில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கிழக்குக் குழாயின் பதினாலு மாதிரியில் ஒன்பதில் கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தவர் நீங்கள். சாக்கடை எங்கேயோ குழாயில் கலக்கிறது என்று சொன்னீர்கள். பதிவேட்டில் எல்லாவற்றுக்கும் 'சரி' என்று எழுதச் சொன்னார்கள், நீங்கள் மறுத்தீர்கள். திங்கட்கிழமை சுகாதார அலுவலகத்துக்கு நேராகப் போய்க் கொடுக்கப்போகிறேன், தைரியத்துக்காக ஜெபியுங்கள் என்று வியாழக்கிழமை ஜெபத்தில்தான் வாய் திறந்தீர்கள். அந்த அறையில் இருந்தது ஐந்து பேர். நீங்கள், நான், பாஸ்டர், பெரிய டீச்சர், டெய்லர் அண்ணன். மறுநாள் பத்து மணிக்கு குடிநீர் அலுவலக இன்ஜினியர் உங்களைக் கூப்பிட்டு மாற்றல் உத்தரவை நீட்டிவிட்டார். சுவருக்குக் காது முளைத்ததா?

உங்களையும் என்னையும் விட்டுவிடலாம். பெரிய டீச்சர் ரிட்டயர் ஆகிப் பத்து வருடமாகியும் தெருவில் குப்பை போடுகிறவனைப் பெயர் சொல்லித் திட்டுகிறவர். அவர் ஒன்றைச் சொன்னால் முகத்துக்கு நேராகச் சொல்வார், முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பேசத் தெரியாது. பாஸ்டரைச் சந்தேகப்பட்டால் நாக்கு அழுகிவிடும். அத்தை விழுந்த அன்று ஆம்புலன்ஸில் ஏறி உட்கார்ந்து வந்தவர் அவர்தானே. பாக்கி யார்?

உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். சின்ன வயதிலிருந்தே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடியவர்கள் நீங்கள் இருவரும். ஆனால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். குடிநீர் அலுவலகத்துக்காரர்களுக்கு யூனிஃபார்ம் தைக்கும் ஆர்டர் போன மாதம் டெய்லர் அண்ணனுக்குத்தான் கிடைத்தது. கடை முழுக்க நீலத் துணிக்கட்டு. அந்த வியாழக்கிழமை ஆமென் சொன்ன சூட்டோடு, வேலை இருக்கிறது என்று முதல் ஆளாக எழுந்து போனார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் மூட்டையோடு அந்த அலுவலகத்துக்குள் போனதை நம் கிளினிக் கம்பவுண்டர் பார்த்திருக்கிறார். நீங்கள் மலைக்குக் கிளம்பிய அன்று வழியனுப்ப வந்தாரே, என் முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாரா? பல் டாக்டரிடம் பத்து வருடமாக வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன். வலியில்லை என்று பொய் சொல்கிறவர்களின் முகம் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பக்கமே வரவில்லை. அத்தைக்கு முன்பக்கம் திறக்கிற மாதிரி இரண்டு நைட்டி தைத்து, டிரைவர் மனைவியிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். குற்ற மனசு என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். நைட்டி அத்தைக்குச் சரியாக இருந்தது. அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது.

புதன்கிழமை பாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். என் சந்தேகத்தை ஒளிக்காமல் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். டெய்லர் அண்ணன் அப்படிச் செய்யமாட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சந்தேகம் புகுந்த இடத்தில் ஐக்கியம் கஷ்டம்தான், கொஞ்ச நாள் அவரை வியாழக்கிழமைக்கு வரவேண்டாம் என்று நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்றார். அவருக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

பரிசோதனை முடிவின் நகலை யாரிடமும் காட்டாதே, நான் திரும்பி வரும்வரை பொறு என்று எழுதியிருந்தீர்கள். ஏன் என்று புரியவில்லை. ஆனாலும் பொறுக்கிறேன். உங்கள் சட்டைப் பெட்டியின் அடியில் அப்படியே இருக்கிறது. தண்ணீரை நீங்கள் சொன்ன நாள் முதல் கொதிக்க வைத்துத்தான் அத்தைக்கும் கொடுக்கிறேன், நானும் குடிக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. இரண்டு வருடமாகத் தண்ணீர் இணைப்பு கிடைக்காமல் பூட்டிக் கிடந்ததே நம் சபையின் புது மண்டபம், அதன் முன்னால் இந்த வாரம் பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்கிறார்கள். உங்கள் பிரார்த்தனைப் பட்டியலிலும் அது இருந்ததல்லவா.

குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள். ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் பார்த்துக்கொள்வார்.

உங்களுக்காகவே விழித்திருக்கும்
மனைவி

---

புதன்கிழமை, காலை

அன்புள்ள உங்களுக்கு,

நலம். அத்தையும் நலம். ஆண்டவர் கிருபையால் குறை ஒன்றுமில்லை. கிளினிக் கிளம்பும் அவசரத்தில் எழுதுவதால் இது சின்னக் கடிதமாகத்தான் இருக்கும்.

அத்தைக்கு நேற்று இருமல். மற்றபடி சாப்பிடுகிறார். எதிர்வீட்டுக் குழந்தைக்கு வயிறு சரியில்லையாம், அதனால் அதன் அம்மா இரண்டு நாளாக வரவில்லை. நானே சமாளித்துக்கொள்கிறேன்.

டெய்லர் அண்ணன் இப்போது வியாழக்கிழமைக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, ஆசீர்வாதம் முடிவதற்குள் போய்விடுகிறார். பெரிய டீச்சர் என்னைப் பிடித்து, அவரை ஏன் ஒதுக்கினீர்கள், உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார். பாஸ்டரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. வகுப்பில் காப்பி அடித்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

எங்கள் டாக்டர் ஒன்று செய்தார். வாய் கொப்பளிக்கும் கோப்பைக்குக்கூட இனிமேல் குழாய்த் தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீர் ஊற்று என்றார். ஏன் என்று கேட்டால், சும்மாதான் என்கிறார். அவரும் இன்ஜினியரும் சாயங்காலம் ஒன்றாக நடக்கப்போகிறவர்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

நேற்று பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். அத்தைக்காக ஜெபித்தார். உங்கள் மாற்றலைப் பற்றி இன்ஜினியரிடம் பேசிக்கொண்டிருப்பதாகவும், அவரும் நம் சபைக்காரர்தானே, மனம் இளகியிருக்கிறது என்றும் சொன்னார். சீக்கிரம் நல்லது நடக்கலாம். எப்படி நடக்கும் என்று நீங்கள் கேட்கவேண்டாம். ஆண்டவருக்கு ஆயிரம் வழி.

போன ஞாயிறு திருவிருந்துக்கு நான் போனேன். வருகிற ஞாயிறு போகப்போவதில்லை. அத்தையின் இருமல்தான் காரணம், வேறொன்றும் இல்லை.

நீங்கள் என்னை எப்போதும் நம்பியவர். அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மனைவி

---

சனிக்கிழமை, காலை பத்து மணி

அன்புள்ள உங்களுக்கு,

உங்களை ஆண்டவர் காப்பாராக. என்னையும் அவர் கைவிடாதிருப்பாராக. இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். ஜீப் டிரைவர் பக்கத்தில் நிற்கும்போது பிரிக்கவேண்டாம்.

உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. மாற்றல் ரத்தாகிவிட்டது, அடுத்த மாதம் முதல் தேதி பழைய இடத்துக்கே வருகிறேன், கர்த்தர் வழியைத் திறந்தார் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தீர்கள். மூன்று தரம் படித்தேன். வழியைத் திறந்தது கர்த்தர் இல்லை. நான்தான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் திறந்தேன்.

போன கடிதத்தில் எழுதினேனே, அன்று பாஸ்டர் ஜெபிக்க மட்டும் வரவில்லை. வேத புத்தகத்துக்குள் ஒரு தாளை மடித்து வைத்துக்கொண்டு வந்திருந்தார். டைப் செய்த தாள். என் கணவர் சில மாதங்களாகத் தூக்கமில்லாமல், மனம் நிலையில்லாமல் இருந்தார், அந்த நிலையில் பரிசோதனை முடிவுகளைத் தவறாகக் குறித்திருக்க வாய்ப்பு உண்டு, இதை மனைவியாகிய நான் என் சுய நினைவோடு எழுதிக் கொடுக்கிறேன் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டால் உங்களைத் திரும்பக் கூப்பிடுவார்களாம். இது பொய் இல்லை, நீங்கள் தூங்காமல் இருந்தது உண்மைதானே என்றார் பாஸ்டர்.

நான் பேனாவை வாங்கவில்லை. என்னை இளக்குவதற்காக அவர் இன்னும் கொஞ்சம் பேசினார். அதில் வாய் தவறி இதையும் சொல்லிவிட்டார்:

"இன்ஜினியர் கெட்டவர் இல்லம்மா. அன்னிக்கு வியாழக்கிழமை ஜெபம் முடிஞ்சதும் நேரா அவர் வீட்டுக்குப் போய் நான் விஷயத்தைச் சொன்னப்போ, அவர் கோபமே படலை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். அப்படியானால் டெய்லர் அண்ணன், என்று மட்டும் கேட்டேன். அவர் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, அவர் மேல் நாமாக எதுவும் சொல்லவில்லையே அம்மா என்றார். பிறகு நிறைய விளக்கினார். காட்டிக்கொடுக்கும் எண்ணமே இல்லையாம். ஒரு சகோதரன் தவறு செய்தால் ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் தனியாகப் போய்ச் சொல்வதுதான் முறையாம். மண்டபத்துக்குத் தண்ணீர் இணைப்பு பற்றி அந்த வீட்டில் தான் வாயே திறக்கவில்லை, இன்ஜினியராகத்தான் மறுவாரம் அனுமதி கொடுத்தார் என்றார். அதை அவர் நம்புகிறார் என்றே நினைக்கிறேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இங்கேதான் என் விஷயம் வருகிறது. பாஸ்டர்தான் சொன்னார் என்பது தெரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று உங்களுக்கு எழுதலாம், நீங்களும் நம்புவீர்கள். ஆனால் தெரிந்த பிறகுதான் போட்டேன். உள்ளறையில் அத்தை உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு இடுப்பு விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. நீங்கள் வந்து அவரை ஒரு பக்கம் பிடித்தால் போதும் என்றிருந்தது. பேனா அவருடையது. போட்டுக் கொடுத்தேன். அவர் நன்றி செலுத்தி ஜெபித்தார். நான் ஆமென் சொன்னேன். கையெழுத்தைவிட அந்த ஆமென்தான் இன்னும் என் வாயில் கசந்துகொண்டிருக்கிறது.

அதற்கு மூன்றாம் நாள் எதிர்வீட்டுச் சின்னப் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, கண் உள்ளே போய்விட்டது. பார்க்கப் போனேன். கையில் ஊசி குத்தி, சலைன் ஏறிக்கொண்டிருந்தது. தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். டெய்லர் அத்தனை தரம் சொன்னாரே, தண்ணியைக் கொதிக்க வை, கொதிக்க வை என்று, கேஸ் தீர்ந்துவிடும் என்று நான்தான் கேட்கவில்லையே என்றாள். என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் போன மறுநாளிலிருந்து, அளவு கொடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அலுவலகத்துக்குத் தெரிந்து, தைத்தது போக மிச்சமிருந்த நீலத் துணியையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நான் நினைத்தது இதுதான். அந்தக் குழந்தை நம் வீட்டுக் கட்டிலுக்கடியில் விளையாடியது. நம் அடுப்பில் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே விளையாடியது. அதன் தாய் நம் அத்தையைத் துடைத்துவிட்டுப் போனாள். நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொறு என்று நீங்கள் எழுதினீர்கள், நான் பொறுத்தேன். நாம் இருவருமே ரொம்ப ஒழுங்காகப் பொறுத்தோம்.

அங்கிருந்து நேராக டெய்லர் கடைக்குப் போனேன். கடை காலியாக, பெரியதாகத் தெரிந்தது. அவர் யாருடைய சட்டைக்கோ காலர் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணே, உங்களைத்தான் சந்தேகப்பட்டேன், பாஸ்டரிடம் போய்ச் சொன்னதும் நான்தான் என்றேன். தெரியும் என்று தலையாட்டினார். ஊசியைத் தாளில் குத்திவைத்துவிட்டுச் சொன்னார்:

"வெள்ளிக்கிழமை காலையில மூட்டை குடுக்கப் போனப்போ இன்ஜினியரும் அவர் பி.ஏ.வும் பேசினது என் காதுல விழுந்துச்சு, தங்கச்சி. பாஸ்டர் வந்து சொன்னாருன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. நான் சொன்னா சபை ரெண்டாப் போயிடும்னு வாயை மூடிக்கிட்டேன். அதான் உன் முகத்தைப் பார்க்க முடியலை. நானும் ஒண்ணும் யோக்கியன் இல்லை."

எனக்கு உட்கார இடம் வேண்டியிருந்தது. ஸ்டூலில் இருந்த துணியை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்களைப் பார்க்கத்தானே அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், அவருக்காகத்தான் செய்தேன் என்றால் என்னை மன்னிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நன்றாக இருக்கிற கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது. ஆனால் தெளிவாக வந்தது:

"எம் புள்ளையப் பைத்தியம்னு எழுதிக் குடுத்தியா? என்னைச் சாக்கு வச்சா?"

பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருநாள் முழுக்க என் கையால் ஒரு வாய் வாங்கவில்லை. மறுநாள் காலையில் திரும்பி, போய் அதை வாங்கிக்கிட்டு வா என்றார். எதை என்று கேட்கவில்லை. அவர் நெற்றியில் என் கன்னத்தை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பெரிய டீச்சரைக் கூட்டிக்கொண்டு போனேன். நகலை அவர் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தப்பைத் தப்பென்று இப்போதாவது சொன்னாயே, நட என்றார். முதலில் குடிநீர் அலுவலகம். இன்ஜினியர் எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலி போடச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். கேன் தண்ணீர். நான் முன்பு கொடுத்த தாளில் உள்ளது உண்மை அல்ல, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிப்போன கடிதத்தை மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடாமலே படித்தார். இதை வாங்கினால் உங்கள் கணவர் மலையிலேயே இருக்கவேண்டி வரும், யோசித்தீர்களா என்றார். யோசித்தேன் என்றேன். அப்போது அவர் சிரித்த முகம் மாறாமல் ஒன்று சொன்னார்:

"எதுக்கும் வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கம்மா. அவரும் ஒரு தாள் குடுத்திருக்காரு."

பெரிய டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கடிதத்தைத் திரும்ப எடுக்கவில்லை. வைத்துவிட்டு வெளியே வந்து, அங்கிருந்து சுகாதார அலுவலகத்துக்குப் போனோம். அங்கே ஒரு பெண் அதிகாரி. நகலை இரண்டு தரம் பார்த்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாளே ஆட்கள் வந்து கிழக்குத் தெருவில் ஏழு வீட்டுக் குழாயில் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். நான்காம் நாள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, மறு அறிவிப்பு வரும்வரை குழாய்த் தண்ணீரைக் குடிக்கவேண்டாம் என்று தெருத்தெருவாகச் சொன்னார்கள். இப்போது லாரியில் தண்ணீர் வருகிறது. கிழக்குத் தெருவோரம் ரோட்டை வெட்டிக் குழாயைப் பார்க்கிறார்கள். சாக்கடை கலந்த இடம் நீங்கள் சொன்ன இடத்துக்குப் பத்தடி தள்ளித்தான் இருந்ததாம். எதிர்வீட்டுப் பெண் குழந்தை வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டது. மெலிந்திருக்கிறது, ஆனால் சண்டை போடுகிறது. அதன் தாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அத்தையைப் பார்க்க மட்டும் வருகிறாள், நான் இல்லாத நேரத்தில்.

நேற்று முன்தினம் வியாழக்கிழமை ஜெபம். டெய்லர் அண்ணனை நானும் பெரிய டீச்சரும் போய் அழைத்து வந்தோம். பாஸ்டர் முன்னிலையில், இவர் மேல் வீண்பழி சுமத்தியது நான், அது பொய் என்று தெரிந்தும் சுமக்கவிட்டது நீங்கள் என்றேன். பாஸ்டர் அழுதார். சபைக்காகத்தான், சபைக்காகத்தான் என்று இரண்டு தரம் சொன்னார். டெய்லர் அண்ணன் எழுந்துபோய் அவர் தோளில் கை வைத்தார். என்னால் எழ முடியவில்லை. பாஸ்டரை மன்னித்துவிட்டேன் என்று உங்களுக்கு எழுத ஆசைதான். எழுதினால் அதுவும் இன்னொரு பொய்க் கையெழுத்தாகிவிடும். அன்று ஆம்புலன்ஸில் ஏறியவரும் இவர்தான். இரண்டையும் ஒரே மனிதனாக எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொள்ள எனக்கு இன்னும் நாளாகும்.

இனி உங்களைக் கேட்கவேண்டியது. உங்கள் மாற்றல் ரத்து உத்தரவு மறுபடி ரத்தானது உங்களுக்கு இந்த ஜீப்பிலேயே வந்து சேரும் என்று நினைக்கிறேன். அதற்கு நான்தான் காரணம். அதற்காக என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பழைய கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போனார், நல்ல மனிதர் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன பேசினார் என்று எழுதவில்லை. அவரிடம் ஏதாவது எழுதிக் கொடுத்தீர்களா? நகலை யாரிடமும் காட்டாதே என்றது எதற்காக? இன்ஜினியர் பொய் சொல்கிறார் என்று நினைக்கத்தான் ஆசைப்படுகிறேன். காலையில் அப்படி நினைக்கிறேன். மதியம் அத்தைக்கு ஊட்டும்போது வேறு மாதிரி நினைக்கிறேன். டெய்லர் அண்ணனை ஒருதரம் தவறாகச் சந்தேகப்பட்டவள் நான். இன்னொரு தரமும் தவறாக இருக்கவேண்டும் என்று ஆண்டவரிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

அப்படி ஒரு தாள் இல்லையென்றால், இல்லை என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். உங்கள் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்பேன். உண்டு என்றால் அதையும் எழுதுங்கள். அம்மாவுக்காக என்று எழுதவேண்டாம், எனக்காக என்றும் எழுதவேண்டாம். போட்டேன் என்று மட்டும் எழுதுங்கள். போட்டதைத் திரும்பக் கேட்டு வாங்க எந்த அறைக்குள் போகவேண்டும், எந்த நாற்காலியில் உட்காரவேண்டும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் போகும்போது கூட வருவேன். நீங்கள் வர எத்தனை மாதமானாலும் அத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன். இடுப்புக்குப் பட்டை வாங்கிவிட்டேன்.

எதுவும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். இத்தனை வருடமும் நீங்கள் பேசாமல் இருந்தால் நான் அதை நல்லதாகவே எடுத்துக்கொண்டேன். இனி அது என்னால் முடியாது.

உண்மை சொல்கிற தெம்பை ஆண்டவர் உங்களுக்குக் கொடுக்கட்டும். எனக்கு அதைக் கேட்கிற தெம்பைக் கொடுக்கட்டும்.

இப்போதும் உங்கள்
மனைவி